காணாத மாசும் கடமையும்: கீரிமலை நீரை முன்வைத்து ஓர் அறவியல் நோக்கு

ஒருவன் தான் செய்த தீங்கைத் தானே அறியாதிருப்பின் அதற்கு அவன் பொறுப்பாளியாவானா என்பது அறவியலில் மிகப் பழைய வினா. அதனினும் கடினமான வேறொரு வினா அண்மைக் காலத்திலே தோன்றியுள்ளது. ஒரு செயலைத் தனித்து நோக்குமிடத்து அது எவருக்கும் உணரத்தக்க தீங்கு எதனையும் விளைவிப்பதில்லை. அதே செயலை இலட்சக்கணக்கானோர் செய்யும்போது மீட்கவியலாத கேடு விளைகின்றது. அக்கேடும் கண்ணுக்கு எட்டாத இடத்திலே, கண்ணுக்குப் புலப்படாத அளவிலே தங்கிவிடுகின்றது. இத்தகைய கேட்டுக்குப் பொறுப்பு யாருடையது? பொறுப்பென ஒன்று உண்டாயின் அது எத்தகையது? நீர்நிலைகளிற் கலக்கும் நுண்பிளாஸ்ரிக் துகள்கள் இவ்வினாவை இன்று கூர்மையாக எழுப்புகின்றன. நன்னீரும் கடல்நீரும் கூடும் இடங்களிலே அத்துகள்கள் வெவ்வேறு ஆழங்களிற் பரவும் முறை அறிவியலார்க்கு உரிய செய்தி மட்டுமன்று. அறத்தை ஆராய்வோர்க்கும் அதில் ஒரு பாடம் உண்டு. அதனை விளங்கிக்கொள்வதற்குக் கீரிமலை பொருத்தமானதொரு களமாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்கு மேற்கே அமைந்துள்ள கீரிமலை, நகுலேஸ்வரத்தாலும் அதன் தீர்த்தத்தாலும் புகழ்பெற்றது. கடலலை மோதும் கரையிலே கட்டப்பட்ட கேணியில் நிலத்தடி ஊற்று இடையறாது சுரந்து கடலிற் சென்று கலக்கின்றது. கேணியின் மதிலுக்கு ஒருபுறம் உவர்க்கடல். மறுபுறம் மக்கள் நீராடும் ஊற்றுநீர். கீரிமுகம் கொண்ட நகுல முனிவரும் குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லியும் இத்தீர்த்தத்தில் ஆடித் தம் முகக்குறை நீங்கப்பெற்றனர் என்பது ஐதிகம். ஆடி அமாவாசையன்று தந்தையரை இழந்தோர் இங்கு கூடிப் பிதிர்க்கடன் ஆற்றுகின்றனர். 1990ஆம் ஆண்டு போரினாற் குண்டுவீச்சுக்கு இலக்காகி, நெடுங்காலம் மக்கள் செல்லவியலாத வலயத்துள் அகப்பட்டுக் கிடந்தபோதும் இவ்வூற்று வற்றவில்லை.

வற்றாமைக்குக் காரணம் நிலத்தின் அமைப்பாகும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. மாரியில் மாத்திரம் ஓடும் வழுக்கையாறு ஒன்றே ஆறெனச் சொல்லத்தக்கது. பெய்யும் மழை மயோசீன் காலத்துச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கின்றது. அவ்வில்லையின் விளிம்பு கடலைத் தொடும் இடங்களில் ஒன்று கீரிமலை. பிற நாடுகளில் ஆறு நிலத்தின் மேலே கடலைச் சேர்கின்றது. இங்கோ ஆறு நிலத்தின் கீழே சேர்கின்றது. அமெரிக்கக் கடலியலாளர் வில்லர்ட் மூர் 1999ஆம் ஆண்டு இத்தகைய கலப்பிடங்களை நிலத்தடிக் கழிமுகங்கள் என வகுத்துரைத்தார். அவ்வகையில் நோக்கின், ஆறில்லாத யாழ்ப்பாணத்துக்கும் கழிமுகம் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதே வேறுபாடு.

இந்நீர்வில்லை பற்றிய கணக்கொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி உயர்ந்து நிற்குமாயின், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் நிற்கும். மேலே 1 அடி குறையுமாயின், காலப்போக்கிற் கீழேயிருந்து 40 அடி உவர்நீர் ஏறிவரும். கிணற்றில் துலா மிதித்தவரோ இயந்திரத்தால் இறைத்தவரோ கண்டது மேல்மட்டத்தின் சிறு தாழ்வை மட்டுமே. அத்தாழ்வின் உண்மையான அளவு அவர் காணாத ஆழத்திலே எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. மேலே சிறியதாய்த் தோன்றுவது கீழே பெரியதாய் இருத்தல் கூடும் என்பதை இந்நிலம் தன் மக்களுக்கு எப்போதோ கற்பித்துவிட்டது எனலாம்.

நுண்பிளாஸ்ரிக்கின் வரலாறும் இதனையே கூறுகின்றது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த பிளாஸ்ரிக் துகள்களை இப்பெயராற் குறிப்பர். பெரிய பொருள்கள் வெயிலாலும் அலையாலும் சிதைவதனாலும், செயற்கை இழைத் துணிகளைத் துவைப்பதனாலும், வாகனச் சில்லுகள் தேய்வதனாலும் இவை உண்டாகின்றன. பிரித்தானிய ஆய்வாளர் றிச்சார்ட் தொம்சனும் அவர்தம் குழுவினரும் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையின் பின்னரே இச்சொல் பரவலான வழக்குக்கு வந்தது. துகள்கள் எல்லாம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. பொலித்தீனும் பொலிப்புரொப்பிலீனும் அதனினும் இலேசானவை, ஆதலால் மிதக்கும். நைலோன், பிவிசி, குடிநீர்ப் போத்தல்கள் செய்யப்படும் பொலியெஸ்ரர் ஆகியன கனமானவை, ஆதலால் அமிழும். கழிமுகத்திலோ இலேசான நன்னீர் மேலே ஓட, உவர்நீர் ஆப்புப்போலக் கீழே நுழைகின்றது. இரண்டும் சந்திக்கும் இடைமட்டத்தில் அடர்த்தி திடீரென மாறுவதால் சில துகள்கள் அங்கேயே தயங்கி நிற்கும். மிதக்க வேண்டிய துகளின் மேலும் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து அதனைக் கனமாக்கிக் கீழே இறக்கும். களிமண்ணோடு சேர்ந்து திரண்டு அடியிற் படிந்தவற்றை மாரி வெள்ளம் மீண்டும் கிளப்பிவிடும். ஆகவே கழிமுகத்தின் ஒவ்வோர் ஆழமும் வேறொரு கதையைச் சொல்லும்; இன்று சொன்ன கதையை நாளை மாற்றியும் சொல்லும்.

எனினும் நெடுங்காலமாக ஆய்வுகள் பெரும்பாலும் மேற்பரப்பையே அளந்தன. 0.33 மில்லிமீற்றர் கண்ணுடைய வலையை நீரின் மேலே இழுத்துச் செல்வதே வழக்கமாயிருந்தது. கண்ணினும் நுண்ணியவை வலையைக் கடந்து சென்றன. கனமானவை வலைக்கு எட்டாமலே கீழே கிடந்தன. அதன் விளைவு ஒரு பெரும் புதிர். உலகக் கடல்களில் மிதக்கும் பிளாஸ்ரிக் ஏறத்தாழ 2,69,000 தொன் என 2014ஆம் ஆண்டு மதிப்பிடப்பட்டது. நிலத்திலிருந்து 2010ஆம் ஆண்டில் மாத்திரம் கடலைச் சேர்ந்தது 48 இலட்சம் தொன்னுக்கும் 127 இலட்சம் தொன்னுக்கும் இடைப்பட்டது என 2015ஆம் ஆண்டு வேறோர் ஆய்வு மதிப்பிட்டது. எஞ்சியது எங்கே? 2019ஆம் ஆண்டு கலிபோர்னியாவின் மொன்ரரே குடாவிற் பல ஆழங்களிலும் நீரை எடுத்து ஆராய்ந்தபோது, துகள்கள் மிகச் செறிந்திருந்தது மேற்பரப்பிலன்று, 200 முதல் 600 மீற்றர் வரையான ஆழத்திலே எனத் தெரிந்தது. மேற்பரப்பு பொய் சொல்லவில்லை. அதனை முழு உண்மை எனக் கொண்டதே பிழை.

சுண்ணாம்பு நிலத்து ஊற்று இவற்றுக்கு அப்பாற்பட்டதெனக் கருதுவோரும் உளர். நிலத்தின் ஆழத்தில் ஊறிவரும் நீர் வடிகட்டப்பட்டே வருகின்றது என்பது அவர்தம் நம்பிக்கை. மணல் நிலத்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளோ வடிகட்டுவனவல்ல, வழிவிடுவன. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் இத்தகைய பாறை நிலத்துக் கிணறுகளிலும் ஊற்றுகளிலும் எடுத்த 17 நீர்மாதிரிகளுள் 16 மாதிரிகளில் நுண்பிளாஸ்ரிக் இருந்தமை 2019ஆம் ஆண்டு வெளிவந்தது. மிகக் கூடிய அளவு ஒரு லீற்றருக்கு 15 துகள்கள். யாழ்ப்பாணத்துப் பாறையும் வழிவிடும் பாறையே என்பதற்குப் பிற சான்றுகள் போதியன.

அச்சான்றுகள் இரண்டு, ஒன்று எண்ணெய், மற்றையது நைத்திரேற்று. சுன்னாகம் மின்நிலையச் சூழலிலிருந்து கசிந்த கழிவெண்ணெய் அயற் கிணறுகளிற் கலந்தது. எண்ணெய் நீரில் மிதப்பது, படலமாய்ப் பளபளப்பது, மணப்பது. வாளியை இறக்கியவர் எல்லாரும் அதனைக் கண்டனர். மக்கள் திரண்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். வழக்குத் தொடரப்பட்டது. 2019ஆம் ஆண்டு இலங்கை உயர் நீதிமன்றம் தனியார் மின் நிறுவனம் ஒன்றைப் பொறுப்பாளியாகக் கண்டு, 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பளித்தது. நைத்திரேற்றோ நிறமற்றது, மணமற்றது, நீரிற் கரைந்து எல்லா ஆழத்திலும் பரவுவது. தோட்டத்துப் பசளையிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், வீடுதோறும் உள்ள மலசலகூடக் குழிகளிலிருந்தும் அது கிணறுகளைச் சேர்கின்றது. உலகச் சுகாதார நிறுவனம் விதித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் குடாநாட்டுக் கிணறுகள் பல கடந்துவிட்டன என்பது 1980களிலேயே ஆய்வுகளால் அறியப்பட்டது. கைக்குழந்தைகளுக்கு அது கேடு என்பதும் அறியப்பட்டதே. ஆயினும் அதன்பொருட்டு எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படவில்லை. நிறுத்துவதாயின் குடாநாடு முழுவதையும் நிறுத்தவேண்டும்.

இவ்வேறுபாடு தற்செயலானதன்று. 2021ஆம் ஆண்டு மே மாதம் கொழும்புக் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கப்பல் தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கியது. ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்ரிக் மணிகள் அக்கப்பலில் இருந்தன. இலேசான அம்மணிகள் மிதந்து கரையொதுங்கி, மேற்குக் கடற்கரையில் வெண்மணற் குவியல்போலக் கிடந்ததை உலகமே கண்டது. 2025ஆம் ஆண்டு ஜூலை மாதம் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு விதித்தது. ஒரு நாள், ஓர் இடம், ஒரு கப்பல், காணத்தக்க குவியல் என்பன இருந்தமையால் நீதி வாய்திறந்தது. அதே பொருள் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாடோறும் சிறிது சிறிதாய் வெளியேறுகையில், நாளும் இல்லை, இடமும் இல்லை, குவியலும் இல்லை. குற்றமும் இல்லை என முடிவாகிவிடுகின்றது. மாசு அளக்கும் வலைக்கு நேர்ந்த குறையே மனச்சான்றுக்கும் நேர்ந்துள்ளது. அதுவும் மேற்பரப்பில் இழுக்கப்படும் வலையாய், பெரியவற்றை மாத்திரம் பிடித்துத் தன் கண்ணினூடே நுண்ணியவற்றைப் போகவிடுகின்றது.

கேட்டின் உடலை அளக்கும் கருவி குறையுடையதாயின் வேறு கருவி செய்யலாம். மனச்சான்றின் குறையை நீக்குவது எங்ஙனம்? ஆங்கிலேய மெய்யியலாளர் டெரெக் பார்பிற் 1984ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி காட்டினார். பாலைவனத்தில் ஆயிரம் பேர் காயமுற்றுத் தாகத்தால் வருந்துகின்றனர். வேறு ஆயிரம் பேர் ஆளுக்கு ஒரு குவளை நீரைப் பொதுத்தாங்கியில் ஊற்றுகின்றனர். அது எல்லார்க்கும் பகிரப்படுகின்றது. ஒருவர் ஊற்றிய குவளையால் எந்த ஒருவரின் தாகமும் உணரத்தக்க அளவு குறைவதில்லை. எனினும் ஊற்றியவர் எவரும் நற்செயல் செய்யவில்லை என்று கூறுதல் பொருந்துமா? பொருந்தாது எனில், அதே தாங்கியில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு துளி நஞ்சு இடும்போது, எவரும் தீச்செயல் செய்யவில்லை என்பதும் பொருந்தாது. ஒரு செயலின் தனிப்பயனை மாத்திரம் கணக்கிடுவது அறக்கணக்கில் ஒரு வழு என்பதே அவர் முடிபு. அச்செயல் எத்தொகுதியின் உறுப்பு, அத்தொகுதி விளைவிப்பது யாது என்பனவும் கணக்கிற் சேரவேண்டும். சிறுதுளி பெருவெள்ளம் என நற்செயலுக்குக் கூறும் நியாயத்தைத் தீச்செயலுக்கு மறுத்தல் நேர்மையன்று.

இதற்கு மூன்று தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது, இயலாமை பற்றியது. நாட்கூலிக்கு உழைப்பவர் பெரிய போத்தல் சவர்க்காரத் திரவத்தை வாங்கும் வசதியற்றவர். சில ரூபாவுக்குக் கிடைக்கும் சிறு பொதியையே வாங்குவார். அவர்மேற் பழி சுமத்துவது அறமா? இத்தடை வலிமையுடையது. செய்ய இயலாததைக் கடமையென விதித்தல் ஆகாது. ஆயின் இத்தடை பொறுப்பை இல்லாமற் செய்வதில்லை, அதனை இடம்பெயர்க்கின்றது. ஆற்றலும் அறிவும் எங்கு மிகுகின்றனவோ அங்கே பொறுப்பும் மிகும். பொதியை வாங்குபவரினும் விற்பவர்க்கும், அவரினும் ஆக்குபவர்க்கும், ஆக்க இசைவளிக்கும் அரசுக்கும் அது படிப்படியாகக் கூடும். இலங்கை அரசு 2017ஆம் ஆண்டு மெல்லிய பொலித்தீனையும், 2021ஆம் ஆண்டு உணவும் மருந்தும் தவிர்ந்த பொருள்களுக்கான 20 கிராமுக்குட்பட்ட சிறு பொதிகளையும் தடை செய்தமை இவ்வுண்மையை ஒருவாறு ஏற்றுக்கொண்டதாகும். உலகளாவிய உடன்படிக்கை ஒன்றுக்காக 2022 முதல் நாடுகள் பேசிவந்தும், 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் ஜெனீவாவில் உடன்பாடின்றிக் கலைந்தமை, மேற்படியில் நிற்போர் தம் சுமையைத் தூக்க எவ்வளவு தயங்குகின்றனர் என்பதைக் காட்டும். இத்தயக்கத்தைச் சுட்டிக் கீழ்ப்படியில் நிற்கும் வசதியுடையோரும் தம் பங்கை உதறுவாராயின், அது ஏழையின் இயலாமையைக் களவாடித் தமக்குப் போர்த்திக்கொள்வதாகும்.

இரண்டாவது தடை, கேடு இன்னும் உறுதிப்படவில்லை என்பது. குடிநீரில் உள்ள நுண்பிளாஸ்ரிக் பற்றி உலகச் சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கை, அன்று கிடைத்த சான்றுகளைக் கொண்டு உடல்நலத்துக்கு ஆபத்தென முடிவு செய்யவியலாது எனக் கூறி, மேலும் ஆராயவேண்டுமென வற்புறுத்தியது. 2024ஆம் ஆண்டு இத்தாலியர் வெளியிட்ட மருத்துவ ஆய்வொன்றில், கழுத்து நாடியில் அடைப்புற்ற 257 நோயாளருள் 150 பேரின் அடைப்பில் பிளாஸ்ரிக் இருந்தமையும், அவர்க்கு மாரடைப்பும் பக்கவாதமும் இறப்பும் கூடுதலாக நேர்ந்தமையும் கண்டறியப்பட்டன. பிளாஸ்ரிக்கே காரணம் என்று அவ்வாய்வு நிறுவவில்லை. தொடர்பை மாத்திரம் காட்டியது. ஐயம் உண்டென்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். ஆனால் ஐயத்தின் பயன் யாருக்கு உரியது? நீதிமன்றத்திற் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரியது. தவறாகத் தண்டித்தபின் மீட்கவியலாது என்பதே அதற்குக் காரணம். இங்கு மீட்கவியலாதது எது? ஆழத்தில் இறங்கிய துகளை எவராலும் பொறுக்கி எடுக்கவியலாது. பயன்பாட்டைக் குறைத்தபின் அது வேண்டாத அச்சம் எனத் தெரியவரின், மீண்டும் பயன்படுத்தலாம். மீளத்தக்க இழப்பும் மீளாத இழப்பும் எதிரெதிரே நிற்குமிடத்து, ஐயத்தின் பயன் நீருக்கும் அதனைக் குடிப்போர்க்குமே உரியதாகும்.

மூன்றாவது தடை, தீர்த்தம் பற்றிய நம்பிக்கையிலிருந்து எழுவது. பாவத்தையே போக்கும் நீரை மாசு தீண்டுமா என்று கேட்போர் உளர். இக்கேள்வியை எளிதாக நகைத்து ஒதுக்குதல் கூடாது. தூய்மை என்பதும் துப்புரவு என்பதும் வெவ்வேறு என்ற நுண்ணிய உணர்வு அதில் உள்ளது. கேணியின் நீர் ஆய்வுகூடத்தின் எல்லைக்குள் அடங்காத பொருளை அடியவர்க்குத் தருகின்றது என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயின், நீர் தூய்மை தரும் என்பது நீரின் பெருமையைக் கூறுவதேயன்றி, நீராடுபவருக்கு உரிமம் தருவதன்று. அன்னை பொறுப்பாள் என்பது மகன் செய்த பிழையை நியாயப்படுத்தாதது போன்றதே இதுவும். ஐதிகத்தை ஊன்றி நோக்கின் வேறொன்றும் புலப்படும். முனிவருக்கும் அரசகுமாரிக்கும் வந்த குறை முகத்திலே இருந்தது; ஊரார் எல்லாரும் கண்டனர்; அவர்களும் அதனை மறைக்காது தீர்த்தத்தை நாடினர். இன்றைய குறைக்கு முகமில்லை. நாடி வருபவர் தம்மிடம் குறையிருப்பதாகவே உணர்வதில்லை.

பிதிர்க்கடன் ஆற்ற வந்த ஒருவர், சடங்குக்குரிய பொருள்களைப் பொலித்தீன் பையிற் கொண்டுவந்து, கடன் முடிந்தபின் பையைக் கரையில் விட்டுச் செல்கின்றார் எனக் கொள்ளலாம். அவரிடம் தீய எண்ணம் இல்லை. இறந்த தந்தைக்குத் தான் பட்ட கடனை மறவாதவர் அவர். கண்ணுக்குப் புலப்படாதவரிடத்தும் கடமை உண்டு என்பதை உணர்ந்தவர். அவ்வுணர்வே இங்கு வேண்டப்படும் அறத்தின் வேர். காணாதார்க்குக் கடன்படுதல் என்பது மேலைநாட்டு மெய்யியலிலிருந்து கடன்வாங்கவேண்டிய புதுக் கருத்தன்று. அது கீரிமலைக் கரையில் ஆண்டுதோறும் எள்ளும் நீருமாய் இறைக்கப்படுகின்றது. குறை ஒன்றே. அக்கடன் இறந்தோரை மாத்திரம் நோக்கி நிற்கின்றது; பிறக்கவிருப்போரை நோக்கித் திரும்பவில்லை. கேணியில் இன்று ஊறும் நீர் முந்திய மாரிகளிற் பெய்த மழை. முன்னோர் அந்நிலத்தை எவ்வாறு பேணினரோ அதன் பயனையே இன்று நீராடுபவர் பெறுகின்றார். இன்று நிலத்திற் போடப்படுவதும் அவ்வாறே வழிவிடும் பாறையினூடே இறங்கி, இன்னும் பெயரிடப்படாதோரின் கைகளிற் சென்று சேரும். அவர்களுக்கு இன்று வாக்கும் இல்லை, வழக்குரைஞரும் இல்லை.

இக்கடனை ஆற்றும் முறை பெருஞ்சூளுரைகளால் அமைவதன்று. முதலாவது கடமை அறிதல். மேற்பரப்பை மட்டும் அளந்து அமைதியடையாது, கிணறுகளிலும் ஊற்றுகளிலும் தொண்டைமானாறு, வழுக்கையாறு போன்ற நீர்முகங்களிலும் பருவந்தோறும் ஆழந்தோறும் அளந்து, அளந்ததை மக்கள் மொழியில் மக்களுக்கு அறிவித்தல் வேண்டும். குடாநாட்டிலே பல்கலைக்கழகம் இருப்பதன் பயன்களுள் அதுவும் ஒன்றாகும். நைத்திரேற்றின் வரலாறோ அறிதல் மாத்திரம் போதாது என்பதைக் காட்டிவிட்டது. ஆகவே இரண்டாவது கடமை, குற்றவாளி ஒருவன் அகப்படும்வரை காத்திராமை. அறியாமை ஒருவரை மன்னிக்கலாம். அறியக்கூடியதை அறிய மறுத்தல் மன்னிக்காது. அறிந்தபின் வாளாவிருத்தல் எவ்வகையிலும் மன்னிக்காது. எண்ணெய்ப் படலம் வாளியில் ஒட்டியபோது விழித்த ஊர், ஒன்றும் ஒட்டாத தெளிந்த நீரைக் கண்டும் ஐயுறக் கற்றுக்கொள்ளுமாயின், அந்நீரைக் காப்பதற்கு உரிய காலம் இன்னும் கடந்துவிடவில்லை.